விருந்தினரின் பணம் நம் கையில் இருக்கும்போது

எங்கள் வீட்டு வளவின் (உள்முற்றத்தின்) தென்கிழக்கு மூலையில், தூணுக்கு அடியில், பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்லான பூக்கல் ஒன்றின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று இருக்கிறது. சிவப்பும் பச்சையுமாக இருக்க வேண்டிய பூவிதழ் அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பூத்தாற்போல் மங்கிக் கிடக்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். 2023 தை மாதத்தில், கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு இரவு தங்கிப்போன ஒரு குடும்பத்தின் டெபாசிட்டிலிருந்து அந்தத் திட்டுக்காக நாலாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் கொடுத்திருந்தது ஐயாயிரம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டில் மூன்று அறைகளை 2018 முதல் நாள் வாடகைக்கு விட்டு வருகிறோம். அந்தக் குடும்பம் கிளம்பிப் போன மதியம் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதுதான் திட்டு என் கண்ணில் பட்டது. முந்தைய வாரம் அது இல்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “நாங்க அந்தப் பக்கம் எதையும் கொட்டலைங்க, குழந்தைங்க சாப்பிட்டதுகூட உள்ளேதான்” என்று அந்த அம்மா பதில் எழுதினார். அது பழைய கல், மாற்றுவது கடினம், ஆள் வர வேண்டும் என்றெல்லாம் நான் நீளமாக எழுதினேன். “சரிங்க, உங்க மனசுக்கு நியாயம்னு பட்டா எடுத்துக்கோங்க” என்று முடித்துக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பின்கட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். காரமான நெடி மூக்கைத் துளைத்தது. கேட்டபோது, “எண்ணெய்ப் பிசுக்கு சோப்புக்குப் போகமாட்டேங்குது தம்பி, பாத்ரூம் ஆசிட்ட ஒரு மூடி ஊத்துனா சட்டுனு போயிருது. போன மாசம் தூணுகிட்டயும் இதத்தான் ஊத்துனேன்” என்றார். ஆத்தங்குடி ஊரில் செய்யும் இந்தப் பூக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவார்கள். சிமெண்டு அமிலத்தைத் தாங்காது. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும்கூட நேரமானால் அதை அரித்துவிடும். கழிப்பறை ஆசிட்டுக்கு ஒரு நிமிடம் போதும். அக்காவிடம் இதை யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அன்று மாலையே அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, நாலாயிரத்தையும் திருப்பி அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. “பணத்துக்கு இல்லைங்க. ஊர் திரும்பற வழியெல்லாம் எங்க மாமியார் பேரனைத் திட்டிட்டே வந்தாங்க, நீதான் ஜூஸைக் கொட்டியிருப்பேன்னு. அவன் இல்லை இல்லைன்னு அழுதுட்டே வந்தான்” என்றார். அந்தப் பையனுக்கு அப்போது ஏழு வயது. பணத்தை ஒரு நொடியில் திருப்பி அனுப்ப முடிந்தது. அந்தப் பயணத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை. டெபாசிட் பற்றி நான் இன்று நினைக்கும் எல்லாமே அந்தத் தொலைபேசி உரையாடலிலிருந்துதான் தொடங்குகின்றன.

டெபாசிட் பணம் நம் கணக்கில் இருப்பதால் நம் வாதத்துக்கு வலு இருக்கிறது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கையில் பணம் இல்லாத நிலையில், அந்தக் கல்லுக்காக அவர்களிடம் நாலாயிரம் கேட்டிருப்பேனா? நிச்சயமாக அக்காவிடம் ஒரு வார்த்தை விசாரித்த பிறகுதான் கேட்டிருப்பேன். பணம் ஏற்கெனவே வந்துவிட்டதால் விசாரிக்கும் வேலையைத் தாண்டி நேராகத் தீர்ப்புக்குப் போய்விட்டேன். சேதத்தைக் கண்டவனும், அதற்கு விலை வைத்தவனும், தீர்ப்புச் சொன்னவனும், வசூலித்தவனும் நான் ஒருவனே.

நம் ஊரில் இந்தப் பழக்கம் நாள் வாடகையோடு வந்ததன்று. மாத வாடகைக்கு ‘அட்வான்ஸ்’ வாங்குவது வழிவழியாக வருகிறது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வெகுகாலம் சாதாரணமாக இருந்தது. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அதோடு ஒட்டி வந்த வழக்கம்தான். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றது. பாக்கிகளைக் கழித்துக்கொண்டு மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் இரண்டு இரவு தங்க வருபவர் வாடகைதாரர் ஆவதில்லை. அவருக்கு நாம் கொடுப்பது நம் இடத்தில் சில நாள் தங்கிக்கொள்ளும் அனுமதி மட்டுமே. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இதை ‘உரிமம்’ என்று வகைப்படுத்துகிறது. ஆகவே மாத வாடகைக்காரருக்கு இருக்கும் மூன்று மாத உச்சவரம்பும் ஒரு மாதக் கெடுவும் நம் விருந்தினருக்குக் கிடையாது. அவருக்கும் நமக்கும் இடையில் இருப்பது ஒப்பந்தம் மட்டும்தான்.

அந்த ஒப்பந்தத்தில் நம் விருப்பம்போல் எதையும் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘விதிமீறல் நடந்தால் டெபாசிட் முழுவதும் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று வரவேற்பு மேசையில் அச்சடித்து ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதை அவ்வளவு எளிதாக ஏற்பதில்லை. ஒரு தொகையைக் குறிப்பிட்டிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் பெற முடியும் என்கிறது அந்தப் பிரிவு. 1963இல் ஃபத்தே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தக் கொடுத்த ஆயிரம் ரூபாய் உறுதிப்பணம் போக, வாங்குபவர் செலுத்தியிருந்த 24,000 ரூபாயை இழப்பைக் காட்டாமல் விற்பவர் பறிமுதல் செய்துகொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. 2015இல் கைலாஷ்நாத் வழக்கிலும், இழப்பு என்ற ஒன்று நேர்ந்திருந்தால்தான் இந்தப் பிரிவின்படி இழப்பீடு என்று அதே நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. அவை நில விற்பனை, மனை ஏலம் பற்றிய வழக்குகள். ஆனாலும் ஐயாயிரம் ரூபாய் டெபாசிட்டுக்கும் அதே சட்டம்தான். அறைக்குள் புகை பிடித்தார் என்பதற்காக டெபாசிட் முழுவதையும் எடுத்துக்கொள்வது தண்டனை. திரைச்சீலையைச் சலவைக்குப் போட்ட செலவையும், நாற்றம் போகும்வரை அந்த அறையை விட முடியாமற்போன ஒரு நாள் வாடகையையும் கணக்குக் காட்டி எடுத்துக்கொள்வது இழப்பீடு.

டெபாசிட்டை நான் இப்போது தனி வங்கிக் கணக்கில் வைக்கிறேன். வாடகை வரும் கணக்கில் அது கலந்துவிட்டால் மாதக் கடைசியில் அது நம் பணம் போலவே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி சட்டம்கூட, டெபாசிட்டை வாடகையில் ஈடுகட்டிக்கொள்ளும்வரை அதைச் சேவைக்கான விலையாகக் கருதுவதில்லை.

எது சேதம், எது தேய்மானம் என்பதில்தான் நாள் வாடகைக்கு விடுபவர்கள் அதிகம் தடுமாறுகிறோம். தலையணை உறையில் தேங்காய் எண்ணெய் ஏறுவது, துண்டில் மஞ்சள் படிவது, வெண்கலத் தாழ்ப்பாள் தளர்வது, திண்ணை ஓரத்தில் செருப்பின் கறுப்புக் கோடு விழுவது எல்லாம் மனிதர்கள் ஒரு வீட்டில் வாழ்வதன் தடங்கள். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்குகிறோம். இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. தலைச்சாயம் பட்ட துண்டு கொஞ்சம் வேறு. அதை யாரும் வெளுக்க முடியாது; தூக்கித்தான் போட வேண்டும். ஆனாலும் 450 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு ஆண்டு உழைக்கும் என்று நான் கணக்குப் போட்டிருக்கும் துண்டு, ஒன்றரை ஆண்டு உழைத்த பிறகு கறைபட்டால், இழப்பு ஏறத்தாழ 110 ரூபாய். அதற்கு 450 ரூபாய் கேட்டால் என் பழைய துண்டை விருந்தினர் செலவில் புதிதாக்கிக்கொள்கிறேன் என்று ஆகிவிடும். 110 ரூபாயைக் கேட்பதும் அழகில்லை. ஆகவே ஒவ்வோர் அறையிலும் கறுப்பு நிறத்தில் ஒரு கைத்துண்டு வைத்து, மருதாணிக்கும் தலைச்சாயத்துக்கும் கண்மைக்கும் இதைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு சீட்டு வைத்தேன். அதன் பிறகு இரண்டு ஆண்டில் ஒரே ஒரு வெள்ளைத் துண்டுதான் போயிற்று.

பழைய வீட்டில் இந்தக் கணக்கு வேறு வகையில் சிக்கலாகும். துண்டு நாளாக ஆக மதிப்பிழக்கிறது. பூக்கல்லும் பர்மா தேக்குத் தூணும் அப்படி இல்லை. எழுபது ஆண்டுக் காலடி பட்டு மெருகேறிய தரையில் புதுக் கல் ஒன்றைப் பதித்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆத்தங்குடியில் அதே அச்சில் வார்த்து வாங்கினாலும் நிறம் ஒரு மாற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். இந்த இழப்பை எந்த விருந்தினரிடமும் காசாகக் கேட்க முடியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கல்லின் விலையையும் பதிக்கும் கூலியையும் கேட்கலாம். அந்தக் கல்லைச் சுற்றி நமக்கு இருக்கும் நினைவுகளுக்கு விலை போடுவது நியாயமாகாது. தாங்க முடியாத இழப்பைத் தரக்கூடிய பொருளை, வாடகைக்கு விடும் அறையில் வைக்காமல் இருப்பதே சரி. பாட்டியின் பல்லாங்குழியும் பெல்ஜியம் கண்ணாடியும் இப்போது பூட்டிய அறைக்குள் இருக்கின்றன.

இணையத்தளங்கள் வழியாக வரும் முன்பதிவுகளில் டெபாசிட் வேறு வடிவம் எடுக்கிறது. வீடுகளை நாள் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தில் பெரும்பாலான உரிமையாளர்கள் தனியாக டெபாசிட் வாங்க முடியாது. அந்த இடத்தை நிறுவனத்தின் சேதப் பாதுகாப்பு நிரப்புகிறது. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் தன் வீட்டை வாடகைக்கு எடுத்தவர்கள் அதைச் சூறையாடிவிட்டுப் போனதை எழுதியபோது எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகுதான் அந்த நிறுவனம் 50,000 டாலர் வரையிலான உத்தரவாதத்தை அறிவித்தது. மறு ஆண்டே அது பத்து லட்சம் டாலராகவும், 2022இல் முப்பது லட்சம் டாலராகவும் உயர்ந்தது. ஆனால் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். முதலில் விருந்தினரிடம் கேட்க வேண்டும். அவர் 24 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டாலோ மறுத்தாலோ நிறுவனத்தை உள்ளே அழைக்கலாம். படமும் ரசீதும் அல்லது பழுதுபார்ப்பவரின் மதிப்பீடும் வேண்டும். ரொக்கம் தொலைந்தால் கிடையாது. சாதாரணத் தேய்மானத்துக்கும் கிடையாது. முகம் தெரியாத யாரோ ஒருவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

எனக்கு அந்த முறையில் ஒரு குறை இருக்கிறது. ஒரு நிறையும் இருக்கிறது. சிறு சேதத்தைக்கூட முறையீடாக மாற்றிவிடுவது குறை. தேநீர்க் கோப்பை உடைந்தது பற்றி நேரில் இரண்டு நிமிடம் பேசித் தீர்த்துக்கொள்வதும், அதே விஷயம் மின்னஞ்சலில் ‘உங்கள் மீது கோரிக்கை வைக்கப்பட்டுள்ளது’ என்று வந்து நிற்பதும் ஒன்றாகாது. ஆதாரம் கேட்பது நிறை. அந்தத் தைமாதக் குடும்பம் தளத்தின் வழியாக வந்திருந்தால், ‘முன்பு எடுத்த படம் எங்கே?’ என்ற ஒரே கேள்வியில் என் கோரிக்கை விழுந்திருக்கும். விழுவதே நியாயமாகவும் இருந்திருக்கும்.

அந்தக் கேள்வியை இப்போது நானே எனக்குக் கேட்டுக்கொள்கிறேன். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு முகப்பிலிருந்து பின்கட்டு வரை மெதுவாக நடந்து ஒரே ஓட்டமாக வீடியோ எடுக்கிறார். நான்கு நிமிடம் வரும். தரை, தூண், படுக்கை விரிப்பு, குளியலறைக் குழாய், கண்ணாடி, அலமாரிக்குள் இருக்கும் பாத்திரம் எல்லாம் அதில் இருக்கும். ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்தில் நின்று, “இது முன்னமே இருக்கு” என்று வாயால் சொல்லுவார். அந்த வீடியோவை விருந்தினருக்கும் அனுப்பி, எங்கள் கண்ணில் படாதது ஏதாவது இருந்தால் இரவுக்குள் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். தங்களைக் காக்கவும்தான் இது என்பது விருந்தினருக்குப் புரிவதால் யாரும் முகம் சுளித்ததில்லை. கிளம்பும்போது அவர்களோடு சேர்ந்தே ஒரு சுற்று நடக்கிறோம். காலை 11 மணிக்கு ஒருவர் போய், 1 மணிக்கு அடுத்தவர் வரும் நாட்களில் இதைச் செய்வது சிரமம். அதனால் ஒரே நாளில் ஒருவர் போய் இன்னொருவர் வருவதை ஞாயிற்றுக்கிழமைகளில் நிறுத்திவிட்டோம். வருமானம் சற்றுக் குறைந்தது. யார் செய்தது என்ற குழப்பம் அறவே இல்லாமற்போனது.

அறையொன்றுக்கு டெபாசிட் இரண்டாயிரம். முழு வீட்டுக்குப் பத்தாயிரம். முன்பதிவின்போதே, எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற பட்டியலும் போய்விடும். சாவி தொலைந்தால் பூட்டுக்காரருக்கு நான் கொடுக்கும் தொகை, பீங்கான் தட்டின் விலை, மெத்தையைச் சலவை செய்யும் செலவு என்று ஏழெட்டு வரிகள்தான். பட்டியல் வந்த பிறகு ஒரு மாற்றத்தைக் கண்டேன்: உடைந்ததைத் தாங்களே வந்து சொல்லுகிறவர்கள் கூடிவிட்டார்கள். எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம்தான் மனிதர்களை மறைக்க வைக்கிறது என்று நினைக்கிறேன். போன ஆவணியில் மதுரையிலிருந்து வந்த ஓர் இளைஞர், விடியற்காலையில் கண்ணாடிக் கூஜாவின் துண்டுகளைச் செய்தித்தாளில் பொதிந்து எடுத்து வந்து, “அண்ணே, கைதவறிப் போச்சு, 180 ரூபா கழிச்சுக்கங்க” என்று கொடுத்தார். குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் ஒரு சில்லுகூட விடாமல் கூட்டியெடுத்திருந்தார். 180ஐக் கழித்துக்கொண்டேன், அவரும் அதைத்தான் விரும்பினார்.

நாமாக ஒரு சேதத்தைக் கண்டால் முதலில் “இது எப்படி ஆச்சு, உங்களுக்குத் தெரியுமா?” என்றுதான் கேட்க வேண்டும். படத்தையும் தொகையையும் சேர்த்து அனுப்புவது கடைசியில். கழிப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால், வண்டி தெருமுனை திரும்புவதற்குள் யுபிஐயில் பணம் போய்விட வேண்டும். ‘ஏழு வேலை நாட்களில் திருப்பித் தரப்படும்’ என்று எழுதுவதை நான் வெறுக்கிறேன். வாங்கும்போது ஒரு நொடியில் வாங்குகிறோம். கொடுக்கும்போது மட்டும் ஏழு நாள் எதற்கு?

டெபாசிட்டை மீறிய சேதம் ஒரே ஒரு முறை வந்தது. திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காக முழு வீட்டையும் ஒரு நாள் எடுத்தவர்கள், வளவுக்குள் வண்ணப் புகைக் குப்பி பற்றவைத்தார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக எழுந்த புகை ஒரு பக்கச் சுவர் முழுவதும் படிந்தது. சுண்ணாம்புப் பூச்சு நிறத்தை உள்வாங்கிக்கொள்ளும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் இன்னும் ஆழமாக இறங்கும். மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, மெருகுப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்துப் பூசி முடிக்க 38,000 ரூபாய் ஆயிற்று. டெபாசிட் பத்தாயிரம். கொத்தனாரின் கணக்கு, வாங்கிய பொருள்களின் ரசீது, முந்தைய நாள் எடுத்த வீடியோ மூன்றையும் அனுப்பினேன். மணமகனின் தந்தை நேரில் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, மேலும் 15,000 கொடுத்தார். மிச்சம் 13,000க்கு அவரை விரட்டவில்லை.

விரட்டியிருந்தாலும் வழி குறுகலானது. டெபாசிட்டைத் திருப்பித் தராத உரிமையாளர் மீது, காசு கொடுத்துத் தங்கியவர் நுகர்வோர் என்ற முறையில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தும் முறையிடலாம். விருந்தினரால் நட்டமடைந்த உரிமையாளருக்கு அந்தக் கதவு கிடையாது. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இந்த வேறுபாட்டில் எனக்கு மனக்குறை இல்லை. பணமும் வீடும் சாவியும் நம் பக்கம் இருக்கின்றன. எளிதான கதவு அவர்கள் பக்கம் இருக்கட்டும். பெரிய சேதத்துக்கு நாம் தேட வேண்டியது காப்பீடு. வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்கள், வீட்டை நாள் வாடகைக்கு விடுவதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறோமா என்று பாலிசியை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

படப்பிடிப்புக்கு வருபவர்களிடம் இப்போது இருபத்தைந்தாயிரம் டெபாசிட் கேட்கிறேன். வண்ணப் புகை, மஞ்சள் நீர், நுரை தெளிப்பான் கிடையாது. முக்காலியின் கால்களுக்கு ரப்பர் உறை போட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். இந்தத் தை மாதத்தில் அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் வீடு பூட்டியே இருந்தது. அக்கா மரத்தூளைத் தூவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, வளவு முழுவதையும் வெறும் தண்ணீரால் துடைத்து வைத்தார்.